ஒத்தக்காலுக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

பினாங்கில் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஓடுகிற மோட்டாரில் ராஜா மாதிரி உட்கார்ந்து, மோட்டார் நின்றவுடன் உயிருக்குப் போராடுகிற மனிதர் இந்தத் தீவில் ஒருவர்தான் உண்டு. அவர் ஒத்தக்கால்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கும். அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கட்டும். ஜெலுத்தோங்கில் யாரைக் கேட்டாலும் ஒத்தக்கால்தான். அவரே போனில் "ஒத்தக்கால் பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். தெரியாதவர்கள் பாவம் என்று உச்சுக்கொட்டுவார்கள். அவருக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருந்தன. கால் குட்டை, மோட்டார் நெட்டை, அதுதான் தகராறு.

சமிக்ஞை விளக்கில் சிவப்பு விழுந்தால் அவர் இருக்கையிலிருந்து இடது பக்கமாகச் சரிவார். தென்னை மரத்திலிருந்து இறங்குகிறவர் போல மெல்ல மெல்லச் சரிந்து, இடது கால் பெருவிரலைத் தார் ரோட்டில் ஊன்றுவார். வலது கால் அந்தப் பக்கம் அந்தரத்தில் தொங்கும். கண் மூடியிருக்கும், உதடு முணுமுணுக்கும். பச்சை விழுந்ததும் திரும்ப மேலே ஏற வேண்டும். பின்னால் நிற்கிற கார்க்காரன் ஹார்ன் அடித்து, அடித்து ஓய்ந்து, கடைசியில் அவனே இறங்கி வந்து இவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுப் போன கதையும் உண்டு.

கதைக்குள் போகுமுன் என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. அதற்கு மேல் பள்ளிக்கூடத்தால் எனக்கு லாபமில்லை என்று நானே நின்றுவிட்டேன். ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து ஹெல்மெட் விற்க ஆரம்பித்தவன். இன்றைக்கு ஜெலுத்தோங்கில் இரண்டு கதவுக் கடை, ஏர்கண்டிஷன், கண்ணாடி அலமாரி, மோட்டார்காரனுக்குத் தலை முதல் கால் வரை வேண்டிய எல்லாச் சாமானும். வாசலில் ஆள் நடந்து வரும்போதே தலை என்ன சைஸ், கால் என்ன சைஸ், பாக்கெட் என்ன சைஸ் என்று சொல்லிவிடுவேன். மகள் சிங்கப்பூரில் ஆடிட்டர். மகன் மெல்பர்னில் என்ஜினியர், அவன் வீட்டுக் குளியலறை என் முதல் கடையைவிடப் பெரிது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் போனில் முகம் காட்டுவார்கள். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு நான் கடைக்கு லீவு விடுவதில்லை. வீட்டில் என்ன வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் ஏர்கண்டிஷன் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் இல்லாத நேரம். கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், என் தோளுக்குக் கீழே உயரம், ஜப்பான் சிலிப்பர்.

"அண்ணே, பூட்ஸ் வேணும்."

"என்ன மோட்டார்?"

வெளியே கை காட்டினார். நடைபாதை ஓரத்தில் ஒரு மோட்டார் நின்றது. காட்டிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கென்று செய்கிறார்களே, குதிரை உயரத்துக்கு, அந்த ரகம்.

"அதை யாரு ஓட்டுறா?"

"நான்தான்லா."

நான் மோட்டாரைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். "தம்பி, பூட்ஸ் வேணுமா, ஏணி வேணுமா?"

அவர் சிரிக்கவில்லை. இந்தக் கேள்வி அவருக்குப் பழகிப்போயிருந்தது. "பூட்ஸ்தான். அடி தடிமனா இருக்கணும். தடிமனா இருக்கிறது வெளிய தெரியக்கூடாது. எரநூறு வெள்ளிக்கு மேல நமக்குத் தாங்காது. கால் முப்பத்தெட்டு."

"ஆம்பள பூட்ஸ் நாப்பதுலதான் தொடங்குது."

"எல்லாக் கடையிலயும் அதான் சொல்றாங்க. நீங்க பெரிய ஆளு, உங்களால முடியும்னு சொன்னாங்க. அதான் வந்தேன்."

உலகத்தில் ஆளை அறிந்து பேசுகிறவர்கள் குறைவு. நான் அவரை உட்கார வைத்து, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வரவழைத்தேன்.

எதற்கு இந்த அவசரம் என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வந்தது.

ஜார்ஜ் டவுனில் ஒரு மாதா கோயில். அங்கே ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் ஒரு மோட்டார் கூட்டம் கிளம்பும். தலைவர் கேப்டன். அவர் பட்டாளத்தில் இருந்ததில்லை, ஏதோ ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், கழுத்தில் விசில், அதனால் கேப்டன். பாதிப் பேர் பூசைக்கு வருகிறவர்கள். மற்றவர்கள் கோயில் வாசலில் காத்திருந்து சேர்ந்துகொள்வார்கள். எல்லோருமாக ஃபெரி ஏறிக் கடலைத் தாண்டி, பாகான் டாலாமில் ஒரு கடையில் மேசைகளை ஒட்டிப்போட்டுப் பசியாறிவிட்டுத் திரும்புவார்கள். ஒத்தக்கால் வீட்டில் முருகன் படம்தான். ஆனாலும் வாசலில் நிற்கமாட்டார், உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுப் பூசையும் பார்ப்பார். கேட்டால், "ஆளு இருக்கிற எடம்ணே" என்பார்.

வந்தது வினை ஃபெரியில். மோட்டார்களை வரிசையாக நிறுத்தி, அவரவர் வண்டியில் உட்கார்ந்தபடியே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஃபெரி கரை சேரும்போது ஒரு முட்டு முட்டும். மற்றவர்களுக்கு இரண்டு காலும் தரையில் இருக்கும். நம் ஆளுக்கு இருந்தது ஒரு பெருவிரல். மழை பெய்து இரும்புத் தளம் ஈரம். பெருவிரல் வழுக்கியது. இவர் மோட்டார் பக்கத்து மோட்டார் மேல் சாய, அது அடுத்ததன் மேல் சாய, வரிசை மொத்தமும் சீட்டுக்கட்டு போலப் படுத்துவிட்டது. வரிசைக் கடைசியில் நின்றது கூட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சீனத் தாத்தா. அவர் மோட்டாரின் பின்னால் கட்டியிருந்தது முட்டைத் தட்டுகள்.

அன்றைக்குப் பசியாறும்போது யாரும் முட்டை தோசை கேட்கவில்லையாம். எல்லோருடைய பூட்சிலும் அதுதான் இருந்தது. கேப்டன் விசில் ஊதிச் சட்டம் போட்டார்: "ரெண்டு காலும் தட்டையா தரையில படுறவன்தான் இனிமே ஃபெரி ஏறலாம். படாதவன், படுற அன்னிக்கு வரட்டும்."

"பாலத்துல போய் அந்தப் பக்கம் சேர்ந்துக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"போனேன்ணே. பாலத்துல காத்து தள்ளுது, நாப்பதுக்கு மேல ஓட்ட பயமா இருக்கு. நான் போய்ச் சேர்றப்போ அவங்க கை கழுவிட்டு எழுந்திரிச்சிட்டாங்க. அத்தனை எச்சில் தட்டுக்கு நடுவுல உட்கார்ந்து தனியா ஒரு இடியாப்பம் தின்னேன். கடைக்காரன் என்னைச் சுத்திக் கூட்டுறான்." தே தாரிக்கை ஒரு வாய் குடித்தார். "வாரம் பூரா தனியாத்தான் சாப்பிடுறேன். பிளாட்ல எதிர்ல சுவரு. ஞாயித்துக்கெழம ஒரு வேளைதான் எதிர்ல மூஞ்சி. நம்ம தோசையைப் பிச்சு இன்னொருத்தன் சாம்பார்ல தொட்டுத் தின்னு பாருங்கண்ணே. அது வேற ருசி."

நான் விஷயத்துக்கு வந்தேன். இருக்கையின் பஞ்சை அறுத்தால் இரண்டு விரல் தாழும், ஸ்பிரிங்கை இறக்கினால் இன்னும் இரண்டு விரல், எல்லாவற்றையும்விட அந்தக் குதிரையை விற்றுவிட்டுச் சின்ன மோட்டார் வாங்கினால் வம்பே இல்லை என்றேன்.

"சின்ன மோட்டார் நெறைய ஓட்டியாச்சு" என்றார்.

கப்பல் ஏஜென்சி ஒன்றில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை ஒரு சின்ன மோட்டார். ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கியிருக்கிறார். "கவுண்டர்ல கை நீட்டி கவரை வாங்குவாங்க. கவரைப் பாப்பாங்க, கையெழுத்து போடுவாங்க. நிமிந்து பாக்க மாட்டாங்க. பாத்தாலும் கவுண்டருக்கு மேல நம்ம தலை தெரியாது." சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் கடைக்குப் போய், இருப்பதிலேயே உயரமான மோட்டார் எது என்று கேட்டு வாங்கினாராம். "இதுல உட்கார்ந்தா பஸ்ஸுல இருக்கிறவங்க கண்ணு நேரா இருக்குண்ணே. ஒரு பொம்பளப் புள்ள அன்னிக்கு கை ஆட்டுச்சு. பஞ்சை அறுக்கச் சொல்லாதீங்க."

சொல்லவில்லை. அன்றையிலிருந்து செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்றால் ஒத்தக்கால் என்று ஆகிவிட்டது.

என் அலமாரியில் இருந்த எல்லாப் பூட்சையும் அவர் போட்டுப் பார்த்தார். வெறுமனே போட்டுப் பார்த்தால் பத்தாது. ஒவ்வொரு ஜோடிக்கும் வெளியே போய்க் குதிரை மேல் ஏறிப் பார்க்க வேண்டும். நான் ஒரு பக்கம் மோட்டாரைப் பிடிக்க, எதிர்க்கடைக்காரர் இன்னொரு பக்கம் பிடிப்பார். அவருக்குக் கை வலித்ததும் ஹெல்மெட் வாங்க வந்தவரைப் பிடிக்கச் சொல்வோம். ஒருவர் பிடித்துக்கொண்டே கேட்டார், "ஒத்தக்கால்னு கூப்பிடுறீங்களே, ஒரு பூட்ஸ் வாங்கினா பாதி விலையா?" ஒத்தக்கால் மேலே இருந்தபடி நிதானமாகச் சொன்னார், "பாதி விலைக்கு குடுத்தா ரெண்டா வாங்கிக்கிறேன்."

முதலில் முழங்கால் வரை வருகிற நீளப் பூட்ஸ். ரேசில் ஓட்டுகிறவர்கள் போடுவது. அதைப் போட்டால் உயரமாகிவிடலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நெட்டைக் காலுக்கு முழங்காலுக்குக் கீழே நிற்கிற பூட்ஸ், குட்டைக் காலில் முழங்காலுக்குப் பின்னால் போய் இடிக்கும், மடக்க முடியாது. படித்துப் படித்துச் சொன்னேன். கேட்கவில்லை. போட்டுக்கொண்டு கடைக்குள் நாலடி நடந்தார். கவாத்துப் பழகுகிற பொம்மை மாதிரி இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்கார முடியவில்லை. கழற்றவும் முடியவில்லை. நான் ஒரு காலையும் எதிர்க்கடைக்காரர் ஒரு காலையும் பிடித்து இழுத்ததில் மனிதர் நாற்காலியோடு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த வாரம் அவரே ஒரு தீர்வோடு வந்தார். காலில் மஞ்சள் ரப்பர் பூட்ஸ். ஜெலுத்தோங் பாசாரில் மீன் விற்கிறவர்கள் போடுகிறார்களே, அதே. "அடியைப் பாருங்கண்ணே, எவ்ளோ தடிமன். விலையும் தண்ணி மாதிரி." அடி தடிமன்தான். ஆனால் சமிக்ஞை விளக்கில் நின்றபோது பக்கத்து மோட்டாரில் இருந்த ஒரு அக்கா இவரைக் கீழேயிருந்து மேலே பார்த்துவிட்டு, "அண்ணே, இன்னிக்கு கெம்போங் மீன் என்ன விலை?" என்று கேட்டிருக்கிறார். இவர் கௌரவமாக, "தெரியாதுங்க, நான் ரைடர்" என்றாராம். அன்று சாயங்காலமே மழை. மேலே திறந்த பூட்ஸ், பெய்த மழை பூராவும் உள்ளே. மறுநாள் என் கடையில் அதைக் கழற்றியபோது வந்த சத்தத்தில் ஒரு வாடிக்கையாளர் எழுந்து வெளியே போனார்.

பிறகு லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் பெண்கள் பூட்ஸ். முப்பத்தெட்டு தாராளமாகக் கிடைத்தது. ஆனால் பக்கிள் எல்லாம் தங்க நிறம். பின்னால் குதி உயரம், முன்னால் விரல் இருக்கிற இடம் அப்பளம். அவர் வண்டியில் உட்கார்ந்து, அந்தக் குதியை ஊன்றினார். குதி சாக்கடை மூடியின் கம்பி இடுக்கில் போய்ச் சிக்கிக்கொண்டது. மோட்டாரை நாங்கள் பிடித்தோம். பூட்ஸ் அங்கேயே நின்றது. அவர் மட்டும் ஒரு காலில் சாக்சோடு என் கடைக்குள் வந்து, "இதுவும் சரிப்படாது போல" என்றார்.

இதற்கெல்லாம் சிகரம் டயர். நான் சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்த ஒரு வாரத்தில் எனக்குத் தெரியாமல், ஒரு சாதாரண வேலைப் பூட்சை எடுத்துக்கொண்டு செருப்புத் தைக்கிறவரிடம் போய், அடியில் லாரி டயரை வெட்டி ஒட்டச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதரும் சொன்னதைச் செய்துவிட்டார். இரண்டு காலும் தரையில் பட்டன. ஒத்தக்காலுக்கு ஆனந்தம். கிளம்பினார், முதல் கியர் விழுந்தது. இரண்டாவது போட வேண்டுமானால் பூட்சின் மூக்கு கியர் கம்பிக்குக் கீழே நுழைய வேண்டும். டயர் நுழையுமா? ஓரமாக நிறுத்திக் கையால் தூக்கிப் போடலாம் என்றால் நிறுத்துகிற இடத்தில் எல்லாம் வண்டி. ஆக, டவுனிலிருந்து ஜெலுத்தோங் வரை முதல் கியரிலேயே வந்திருக்கிறார். என்ஜின் அலறுகிறது, மோட்டார் நகருகிறது. முந்த இடமில்லாமல் பின்னால் கார்கள் வரிசையாக ஊர்கின்றன. பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு பெரியவர் இதைப் பார்த்து, யாருடைய சவ ஊர்வலமோ என்று தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டாராம். ஒத்தக்காலும் மரியாதைக்குத் தலையசைத்துவிட்டு வந்திருக்கிறார்.

நான் கோபப்பட்டேன். "எங்கிட்ட கேக்காம என்னய்யா இது? அடி தடிமன் வேணும்னா விரல் பக்கம் அடக்கமா இருக்க வேணாமா? கணுக்காலைப் பிடிச்சு நிக்கணும், முழங்காலைத் தொடக்கூடாது. கயிறு கட்டறது வேணாம், பெடல்ல மாட்டும். ஜிப்பு இருக்கணும். உள்ளுக்குள்ள கொஞ்சம், வெளிய கொஞ்சம்னு உயரத்தைப் பிரிச்சு எடுக்கணும். இதெல்லாம் ஒரு கணக்கு."

அவர் டயர் ஒட்டிய காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கேப்டன் நேத்து கடைத்தெருவுல பாத்தாரு. 'என்னப்பா, ஆளையே காணோம்'னாரு. சட்டம் போட்டதே அவருக்கு மறந்துபோச்சுண்ணே. நான் வராததும் தெரியல, ஏன் வரலேன்னும் தெரியல. இன்னும் கொஞ்ச நாள் போனா என்னையே மறந்துடுவாங்க."

அதற்கு மேல் நான் சும்மா இருந்தால் நான் என்ன வியாபாரி. கோலாலம்பூரில் எனக்குச் சாமான் போடுகிறவனைப் போனில் பிடித்தேன். பெண்கள் மோட்டார் ஓட்டப் போடுகிற பூட்ஸ், போன வருஷத்து மாடல், விற்காமல் கிடக்கிற பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. முப்பத்தெட்டு, கணுக்காலுக்கு மேலே நாலு விரல், பக்கத்தில் ஜிப்பு, அடி முழுவதும் ஒரே தடிமனாக, ஈரத்தில் பிடிக்கிற ரப்பர். பழைய மாடல் என்பதால் அவர் சொன்ன விலைக்குள் அடங்கியது. ஒரே ஒரு குறை, இரண்டு பக்கமும் ஊதா நிறத்தில் பூ. நானே உட்கார்ந்து கறுப்பு பாலிஷ் போட்டுப் போட்டு அந்தப் பூவை மறைத்தேன். உள்ளே குதிக்குக் கீழே வைக்க ஒரு கார்க் துண்டை வெட்டி, சரிவாகச் சீவினேன். தடிமனாக வைத்தால் குதி வெளியே எழும்பும், மெலிதாக வைத்தால் பிரயோஜனமில்லை. மூன்று துண்டு வீணாகி, நாலாவது உட்கார்ந்தது. இதை நாடு முழுவதும் எந்தக் கடைக்காரன் செய்வான் என்று கேட்டுப் பாருங்கள்.

அவர் போட்டுக்கொண்டு குதிரை மேல் ஏறினார். நான் கையை விட்டேன். எதிர்க்கடைக்காரரும் கையை விட்டார். மோட்டார் நின்றது. அவர் இடது பக்கம் குனிந்து பார்த்தார், வலது பக்கம் குனிந்து பார்த்தார். இரண்டு பக்கமும் பூட்ஸ் தரையில் இருந்தது.

"அண்ணே" என்றார். பூட்சால் தரையை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார்.

அந்த ஞாயிறு நானும் போனேன். என் சாமானுக்குப் பரீட்சை நடக்கும்போது நான் இல்லாமலா? பூசை முடிந்தது. கோயில் வளாகத்தில் கேப்டன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு குனிந்து, ஒத்தக்காலின் இரண்டு பூட்சுக்கும் அடியில் பத்திரிகையின் ஞாயிறு மலர் ஒன்றைச் செருகிப் பார்த்தார். நுழையவில்லை. "ம்" என்றார். "தரை வேற, ஃபெரி வேற. பாப்போம்."

ஃபெரியில் நான் நடந்துபோகிற பயணிகளோடு ஏறி, மோட்டார்கள் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன். எல்லோருடைய கண்ணும் ஒத்தக்காலின் பூட்சில்தான். வேண்டுமென்றே அவரை வரிசைக் கடைசியில், யாருக்கும் சேதமில்லாத ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். கேப்டன் முதலாவதாக நின்றார். நன்றாகப் பார்க்க வேண்டும் என்று மோட்டாரை விட்டு இறங்கி, அதைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபெரி கரையை முட்டியது.

கேப்டனின் மோட்டார் தொடையை விட்டு நழுவியது. அது இரண்டாவதன் மேல், இரண்டாவது மூன்றாவதன் மேல். அவரவர் ஐயோ என்று பிடிக்கப் பார்க்க, வரிசை இந்த முறை எதிர்ப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்து ஒத்தக்காலின் மேல் மோதியது. அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். உதடு முணுமுணுத்தது. பூட்ஸ் இரண்டும் இரும்புத் தளத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. வரிசை அங்கே நின்றுவிட்டது.

கேப்டன் தன் மோட்டாரை நிமிர்த்தினார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "சரி, பசியாறப் போவோம்" என்றார்.

"அண்ணே, நீங்களும் வாங்க" என்று ஒத்தக்கால் அங்கிருந்தே கத்தினார். "ரெண்டு தோசை தின்னுட்டுப் போலாம்."

"கடை இருக்குப்பா" என்றேன். பிள்ளைகள் போன் பண்ணுகிற நேரம் வேறு. அதே ஃபெரியில் திரும்பினேன். மகன் பேசினான், மகள் பேசினாள். நான் செய்த வேலையைப் பெருமையாகச் சொன்னேன். "சூப்பர்ப்பா" என்றார்கள். பேரனுக்கு நீச்சல் வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

வந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் தே தாரிக் இரண்டு சொல்லிவிட்டேன், பழக்கத்தில். அவர் வரவில்லை. ஏன் வரப்போகிறார், பூட்ஸ் கிடைத்துவிட்டது, கூட்டம் கிடைத்துவிட்டது. அடுத்த செவ்வாயும் வரவில்லை. பிறகு தொடர்ந்து பல வாரம். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது, அதில் குறை சொல்ல முடியாது. பூட்ஸ் போட்டுப் பார்ப்பதற்காகக் கீழே சாய்த்து வைத்திருக்கும் கண்ணாடியில் மத்தியானம் பூராவும் என் கால்கள் மட்டும் தெரிந்துகொண்டிருந்தன. எதிர்க்கடைக்காரர் ஒரு நாள் வாசலில் நின்று, "பிடிக்கிறதுக்கு மோட்டாரே இல்லையே" என்றுவிட்டுப் போனார்.

ஒரு நாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் நின்றார். குதிரை ஓரமாக நின்றது. கதவைத் தள்ளப் போய்க் கையை எடுத்தார். திரும்பிப் போகப் பார்த்தார். நான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

"என்னய்யா, வெளியவே நிக்கிற?"

"சும்மாண்ணே. இந்தப் பக்கம் வந்தேன்." காலைக் காட்டினார். ஊதாப் பூ லேசாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "பூட்ஸ் நல்லாத்தான் இருக்கு. ஒரு தொந்தரவும் இல்ல. ஞாயித்துக்கெழமை எல்லாம் நல்லாப் போகுது. அதான்... இங்க வர்றதுக்கு ஒரு காரணமும் கெடைக்கல."

நான் குனிந்தேன். எனக்குக் குனிவது இப்போதெல்லாம் சுலபமில்லை. இடது பூட்சின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் தையல் துளிகூட இழுக்கவில்லை, அவ்வளவு நேர்த்தி.

"இங்க தையல் ஒரு பக்கமா இழுக்குதே" என்றேன்.

"இல்லையே, நல்லா..."

"எனக்குத் தெரியாததா? நாப்பது வருஷமா இதைத்தான் பாக்கிறேன். உள்ள வா, கழட்டு. ஒரே நாள்ல சரியாகிற வேலையில்ல இது. நாலஞ்சு வாட்டி வந்து காட்டணும்."

அவர் என்னைப் பார்த்தார். பூட்சைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"ஆமாண்ணே" என்றார். "இப்ப நீங்க சொன்னதும்தான் தெரியுது. லேசா இழுக்குது."

நான் விற்ற சாமானில் குறை இருக்கிறது என்று என் வாயாலேயே நான் சொன்னது அன்றைக்குத்தான். அந்தத் தையலை ஒவ்வொரு செவ்வாயும் கழற்றி வைத்து இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் சரியாகவில்லை. அவசரமும் இல்லை.